பறக்கும் பருந்தின் இனமும் வயதும்: பினாங்கு வானத்தில் ஒரு தொடக்கப் பாடம்

பினாங்கில் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தாலும், கலசத்தில் தீர்த்தம் விழும் நேரத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் கோபுரத்தைப் பார்ப்பதில்லை. அதற்கும் மேலே வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். கருடன் வர வேண்டும். செங்காவி உடலும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு பறவை வந்து வட்டமிட்டுவிட்டால் கைகள் தலைக்கு மேல் உயரும். அதே வானத்தில், சற்றுத் தள்ளி, அழுக்குப் பழுப்பு நிறத்தில் வெள்ளைக் கழுத்தில்லாத இன்னொரு பறவை சுற்றினால் அதை ஒருவரும் கும்பிடுவதில்லை. ஏதோ பருந்து என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலான சமயங்களில் அதுவும் கருடன்தான். இன்னும் நிறம் மாறாத இளசு, அவ்வளவே.

பறவை நூல்கள் செம்பருந்து என்று குறிப்பிடும் இந்தக் கருடன், கூட்டைவிட்டு முதன்முதலாகப் பறக்கும்போது உடல் முழுவதும் பழுப்பாக இருக்கும். மார்பில் வெளிறிய கீற்றுகள் ஓடும். வெள்ளைத் தலையும் செங்காவி முதுகும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக வரும். அதுவரை அதைப் பார்ப்பவர் “இது என்ன பறவை?” என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. “இதற்கு என்ன வயது?” என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள்.

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் நிறத்தில் தொடங்குவது இயல்பு. நூலில் உள்ள படத்தில் வெள்ளைத் தலை இருக்கிறது, வானத்தில் பறப்பதற்கு இல்லை, ஆகவே இது வேறு பறவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் வடிவம். அடுத்து, இறக்கையை எப்படி வைத்துக்கொண்டு பறக்கிறது என்பது. அதன்பின் இறகுகளின் விளிம்பு. கடைசியில்தான் நிறம். வடிவம் இனத்தைக் காட்டிக்கொடுக்கும்; நிறம் பெரும்பாலும் வயதைத்தான் சொல்லும். இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

எங்கே, எப்போது நிற்பது

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: கடலும் மலையும் வயலும் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் பெர்ரியில் ஏறினால் செம்பருந்தைக் காண அதிகம் காத்திருக்க வேண்டாம். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் கரையோரம் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு உரிய இடம். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளிலிருந்தோ, பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலிருந்தோ, கொடிமலையிலிருந்தோ காட்டின் மேற்பரப்பைப் பார்த்தால் கொண்டைப் பாம்புக் கழுகும் குடுமிப் பருந்தும் எழும்பி வரலாம். பாலிக் புலாவ், செபராங் பிறை வயல்வெளிகளில் ஒரே இடத்தில் இறக்கையை அடித்தபடி அந்தரத்தில் நிற்கும் சிறிய வெண்சாம்பல் பறவையைக் கண்டால் அது கருந்தோள் பருந்து. இந்தக் கூட்டத்தில் ஒரு நொடியில் அடையாளம் சொல்லிவிடக்கூடியது அது ஒன்றுதான். ஆகவே அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

விடியற்காலையில் போய் நிற்பதில் பயன் குறைவு. பெரிய இறக்கை கொண்ட பறவைகள் தசை வலுவைச் செலவழித்துப் பறக்க விரும்புவதில்லை. வெயில் தரையைச் சூடாக்க வேண்டும், சூடான காற்று தூணாக மேலெழ வேண்டும், அதில் ஏறி அவை வட்டமிட வேண்டும். அதனால் காலை ஒன்பதரை, பத்து மணிக்குமேல் வானம் உயிர்பெறும். நிதானமாக எழுந்து, பசியாறிவிட்டுப் போகலாம். பறவை பார்ப்பதில் இப்படிப்பட்ட சலுகை வேறெந்தப் பிரிவிலும் கிடையாது. பிற்பகலில் மழைமேகம் திரண்டால் ஆட்டம் முடிந்தது.

உருவ அளவை நம்பாதீர்கள்

வானத்தில் அளவுகோல் இல்லை. தாழப் பறக்கும் செம்பருந்தும் உயரப் பறக்கும் கடற்கழுகும் கண்ணுக்கு ஒரே அளவில் தெரியும். உண்மையில் செம்பருந்தின் இறக்கை விரிப்பு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கடற்கழுகினுடையது இரண்டு மீட்டரைத் தொடும். ஏறக்குறைய இருமடங்கு வேறுபாட்டையே வெறும் வானம் மறைத்துவிடுகிறது.

இதற்கு உதவிக்கு வருபவை காக்கைகள். 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட வீட்டுக் காக்கைகளின் வழிவந்தவை இன்று தீபகற்பத்தின் மேற்குக் கரை நகரங்களில் எங்கும் இருக்கின்றன. பருந்தைக் கண்டால் விரட்டாமல் அவற்றால் இருக்க முடியாது. காக்கையின் நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். அது துரத்தும் பறவை அதைவிடக் கொஞ்சம் மட்டுமே பெரிதாகத் தெரிந்தால் செம்பருந்து அளவுள்ள பறவை. காக்கை அதன் முதுகில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் கடற்கழுகு அளவு. காக்கை வராத நாளில் அளவைப் பற்றிக் குறிப்பேட்டில் எதுவும் எழுதாமல் இருப்பதே நல்லது.

வடிவமும் தோரணையும்

இறக்கை, வால், தலை ஆகிய மூன்றின் விகிதத்தைப் பாருங்கள். கடற்கழுகுக்கு அகன்ற இறக்கை, நீட்டிய தலை, உடலுக்குக் குட்டையான, ஆப்பு வடிவ வால். செம்பருந்துக்கு வட்டமான முனையுள்ள நடுத்தர வால். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கரும்பருந்துக்கு நடுவில் பிளந்த வால். தேன் பருந்துக்கு உடலோடு பொருந்தாத சிறிய தலையும் மெல்லிய கழுத்தும் நீண்ட வாலும். மீன் பிடித்து உண்ணும் விரால் அடிப்பானுக்கு நீண்டு குறுகிய இறக்கை; மணிக்கட்டுப் பகுதியில் அது மடங்கியிருப்பதால் எதிரே வரும்போது ஆங்கில எம் எழுத்தை அகட்டி வைத்ததுபோல் தெரியும்.

அடுத்து, பறவை நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ மிதந்துபோகும்போது இறக்கைகள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வெகு தொலைவில், நிறமே தெரியாத நிலையிலும் இது தெரியும். கடற்கழுகும் பாம்புக் கழுகும் இறக்கைகளைத் தோளுக்கு மேலே தூக்கி, ஆங்கில வி எழுத்தின் வடிவில் வைத்திருக்கும். தேன் பருந்தும் குடுமிப் பருந்தும் ஏறக்குறையத் தட்டையாக வைத்திருக்கும். கரும்பருந்தின் இறக்கை சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதோடு அது வாலைச் சுக்கான்போல் ஓயாமல் இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கும். வால் பிளவு தெரியாத தொலைவிலும் அந்தத் திருப்பல் தெரிந்துவிடும்.

மூன்றாவது, விரல்கள். பறவை பார்ப்பவர்கள் இறக்கை நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் நீண்ட இறகுகளை விரல்கள் என்பார்கள். அவற்றை எண்ணுவது, பறவைகள் கூட்டமாக இடம்பெயரும் வலசைக் காலத்தில் மிகவும் கைகொடுக்கும். தேன் பருந்துக்கு ஆறு. சிறிய வல்லூறுகளில் சீன வல்லூறுக்கு நான்கு, ஜப்பானிய வல்லூறுக்கு ஐந்து, நம் காடுகளிலேயே வாழும் கொண்டை வல்லூறுக்கு ஆறு. தலைக்கு மேலே மூன்று நொடியில் கடந்துபோகும் பறவையின் விரலை எண்ண முடியுமா என்று கேட்கலாம். கண்ணால் முடியாது. கேமராவால் முடியும்.

வயதைச் சொல்லும் இறகுகள்

வயதறிவதன் அடிப்படை ஒரு எளிய உண்மையில் இருக்கிறது: இறகு உயிரற்ற பொருள். வளர்ந்து முடிந்தபின் அது தன்னைச் சரிசெய்துகொள்ளாது. வெயிலில் வெளுக்கும், உரசலில் தேயும், நுனி கிழியும். அதனால் பறவை பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதியதை வளர்க்கிறது. பறந்து இரைதேடும் பறவை எல்லா இறகையும் ஒரே நேரத்தில் உதிர்த்தால் பட்டினிதான். ஆகவே ஒன்றோ இரண்டோ மட்டும் உதிரும். அவை வளர்ந்தபின் அடுத்தவை.

குஞ்சுக்கு இந்த நிலை இல்லை. கூட்டில் இருக்கும்போதே அதன் அத்தனை இறகுகளும் ஒரே காலத்தில் முளைக்கின்றன. பள்ளி திறக்கும் நாளில் முதலாம் ஆண்டு மாணவனைப் பாருங்கள்: சட்டை, காற்சட்டை, காலணி, பை எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, எல்லாம் ஒரே அளவு புதிது. முதலாண்டுப் பறவையின் இறக்கை அப்படித்தான் இருக்கும். பின்விளிம்பு இடைவெளியில்லாமல் ஒரே சீராக ஓடும். எல்லா இறகும் ஒரே நிறச் சாயல். பல இனங்களில் இறகு நுனிகளில் மெல்லிய வெளிறிய விளிம்பு இருக்கும்.

முதிர்ந்த பறவையின் இறக்கையில் பழையதும் புதியதும் கலந்திருக்கும். புதிய இறகு கருமையாகவும் முழுமையாகவும், பழையது வெளிறி நைந்தும் தெரியும். எங்கோ ஓரிடத்தில் பல் விழுந்த இடைவெளி இருக்கும். பருந்து, கழுகு இனங்களில் இந்த உதிர்வு ஓர் ஒழுங்கில் நடக்கிறது. இறக்கை நுனிப் பகுதியில் உள்ள பத்து முதன்மை இறகுகளில் உடலுக்கு அருகே, அதாவது இறக்கையின் நடுப்பகுதியில், இருப்பது முதலில் விழும். பிறகு வெளிநோக்கி ஒவ்வொன்றாக நகரும். பைரி போன்ற வேக வல்லூறுகளில் மட்டும் அது நடுவில் தொடங்கி இருபுறமும் பரவும். ஆகவே ஒரு பருந்தின் இறக்கை நடுவில் இடைவெளி தெரிந்தால் உதிர்வு அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது. நுனிக்கு அருகே தெரிந்தால் அந்தச் சுற்று முடியப்போகிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு இறக்கைகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இடைவெளி இருந்தால்தான் அது இறகு உதிர்வு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சண்டையோ விபத்தோ இறகைப் பிடுங்கியிருக்கலாம். அதை வைத்து வயது சொல்லக் கூடாது.

கடற்கழுகு போன்ற பெரிய பறவைகளில் கணக்கு இன்னும் சுவையானது. இவ்வளவு நீண்ட இறகுகளை வளர்க்க நாளாகும் என்பதால் ஒரே ஆண்டில் பத்தையும் மாற்றி முடிக்க முடியாது. முதல் சுற்று பாதி வழியில் இருக்கும்போதே உடலருகே இரண்டாம் சுற்று தொடங்கிவிடும். ஆகவே ஒரே இறக்கையில் இரண்டு, மூன்று இடங்களில் புதியதும் பழையதும் அடுத்தடுத்துத் தெரியும். சுற்று ஒன்றே ஒன்று என்றால் இளம் பறவை. பல சுற்றுகள் கலந்திருந்தால் பல ஆண்டுகள் கண்ட பறவை. இந்தக் கணக்கு தொடக்கத்தில் மலைப்பாக இருக்கும். இப்போதைக்கு “ஒழுங்கா, கலவையா?” என்ற ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

வடிவம் இனத்தைக் காட்டும், நிறம்தான் வயதைச் சொல்லும் என்று முன்பு சொன்னதற்கு முதல் விலக்கு இங்கே வருகிறது. பல பெரிய கழுகு இனங்களில் முதலாண்டுப் பறவையின் பின்விளிம்பு இறகுகள் முதிர்ந்தவற்றினுடையதைவிடச் சற்று நீளமானவை, நுனி கூரானவை. இதனால் இளம் கழுகின் இறக்கை அகலமாகவும், பின்விளிம்பு நுண்ணிய ரம்பப் பல்லாகவும், வால் கொஞ்சம் நீண்டும் தெரியும். முதிர்ந்த பறவையைவிடக் குஞ்சு பெரிதாக இருக்கிறதே என்று சிலர் வியப்பது இதனால்தான்.

படகுத்துறையில் ஒரு பழுப்புப் பறவை

இப்போது இதைப் பயன்படுத்திப் பார்ப்போம். அக்டோபர் மாதம், காலை பத்து மணி. பெர்ரி பட்டர்வொர்த்தை நெருங்குகிறது. தலைக்கு மேலே முற்றிலும் பழுப்பான ஒரு பறவை வட்டமிடுகிறது. இறக்கையின் அடிப்புறத்தில், விரல்களுக்குச் சற்று உள்ளே, ஒரு வெளிறிய திட்டு.

அந்தத் திட்டைப் பார்த்ததும் பலர் உற்சாகமாகிவிடுவார்கள். ஆனால் இந்த இடத்தில் அது பெரிதாக உதவாது. இளம் செம்பருந்துக்கும் அது உண்டு, வடக்கிலிருந்து வரும் கரும்பருந்துக்கும் உண்டு, இளம் கடற்கழுகுக்கும் உண்டு. மூன்றுக்கும் பொதுவான அடையாளம் அடையாளமே அல்ல. வாலுக்குப் போங்கள்.

வால் முனை வட்டமாக இருந்தால் செம்பருந்து. பிளந்திருந்தால் கரும்பருந்து. பிளவு எப்போதும் தெரியாது என்பதுதான் சிக்கல்: கரும்பருந்து வாலை முழுவதும் விரித்துவிட்டால் பிளவு மறைந்து முனை நேர்க்கோடாகிவிடும். அப்போது வாலின் இரண்டு மூலைகளைப் பாருங்கள். கரும்பருந்துக்கு மூலைகள் கூராக இருக்கும், வால் முக்கோணமாகத் தெரியும். செம்பருந்து எவ்வளவு விரித்தாலும் மூலை கிடையாது, விசிறியின் வளைவுதான். வால் குட்டையாக, ஆப்பு வடிவில், வெளிறிய நிறத்தில் முனைப்பக்கம் பழுப்புப் பட்டையோடு இருந்து, இறக்கைகளும் மேலே தூக்கியிருந்தால் அது இளம் கடற்கழுகு. வால் நீண்டு, தலை சிறுத்து, இறக்கை தட்டையாக இருந்தால் தேன் பருந்தை நினையுங்கள். நீண்ட வாலோடு தலையும் பெரிதாக, இறக்கை அகன்று வட்டமாக இருந்தால் கரிய வகைக் குடுமிப் பருந்து தீவுக் காட்டிலிருந்து கடலோரம் வந்திருக்கலாம்.

இத்தனையையும் நிறத்தைத் தொடாமலேயே பிரித்துவிட்டோம். வட்ட வால் என்று தெரிந்துவிட்டது, ஆகவே செம்பருந்து என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிறத்தைக் கேட்கலாம். முழுப் பழுப்பு, மார்பில் வெளிறிய கீற்று, சீரான பின்விளிம்பு என்றால் முதலாண்டு. தலையும் மார்பும் வெளுக்கத் தொடங்கி, முதுகில் செங்காவித் திட்டுகள் இருந்து, இறக்கையில் பழைய பழுப்பு இறகுகளும் புதியவையும் கலந்திருந்தால் இரண்டாம் ஆண்டு அல்லது அதை ஒட்டிய வயது. வெள்ளையில் நுண்ணிய கருங்கீற்று, செங்காவி உடல், கருத்த இறக்கை நுனி என்றால் முதிர்ந்தது. கும்பாபிஷேகத்தில் கும்பிடு வாங்கும் பறவை.

கடற்கழுகுக்கு இந்தப் பயணம் இன்னும் நீளமானது. முதலாண்டில் பழுப்பு உடலும் மங்கிய தலையுமாக இருப்பது, இடைப்பட்ட ஆண்டுகளில் திட்டுத்திட்டாக வெளுத்து, நான்கைந்து ஆண்டுகளில்தான் பளிச்சென்ற வெள்ளை உடலும் சாம்பல் முதுகும் பெறுகிறது. முதிர்ந்ததன் அடிப்பக்கம் இரண்டே நிறம்: உடலும் இறக்கையின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதி கருமை. தெலுக் பஹாங்கில் ஒரே வானத்தில் மூன்று வெவ்வேறு தோற்றத்தில் மூன்று பறவைகள் தெரிந்தால் மூன்று இனம் என்று எழுதிவிட வேண்டாம்.

பழுப்பு என்றால் இளசா?

இதுவரை சொன்னதிலிருந்து பழுப்பு என்றால் இளசு, வெள்ளை என்றால் முதிர்ந்தது என்று ஒருவர் முடிவு செய்யலாம். கொடிமலைக்கு ஏறினால் அந்த விதி கவிழ்ந்துவிடும்.

பாம்புக் கழுகில் முதிர்ந்ததுதான் கருமை. அதன் இறக்கையின் அடியில், பின்விளிம்பை ஒட்டி ஒரு கரிய கோடும், அதற்கு உள்ளே அகன்ற வெள்ளைப் பட்டையும் ஓடும். வாலிலும் அதேபோல் கருப்பு, வெள்ளை, கருப்பு. உரத்த சீழ்க்கைபோல் கூவிக்கொண்டே பறப்பதால் பார்ப்பதற்கு முன்பே அது இருப்பது தெரிந்துவிடும். அதன் இளம் பறவையோ தலையும் மார்பும் வெளிறி, அந்த அகன்ற பட்டைக்குப் பதிலாக நெருக்கமான மெல்லிய பட்டைகளோடு இருக்கும். இறக்கையைத் தூக்கி வைத்திருக்கும் கோணம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

குடுமிப் பருந்து இன்னும் ஒரு படி மேலே போய்க் குழப்பும். பெயரில் குடுமி இருந்தாலும் மலேசியாவில் காணப்படும் துணையினத்துக்குக் குடுமி பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் பொருட்டாகத் தெரியாது. இதில் பிறவியிலேயே இரண்டு வகை உண்டு. வெளிர் வகையின் இளம் பறவை தலையும் மார்பும் ஏறக்குறைய வெள்ளை. வயதாக ஆகத்தான் மார்பில் கருங்கீற்றுகள் கூடும். கரிய வகை இளமையிலும் கருமை, முதுமையிலும் கருமை. இங்கே நிறம் வயதைச் சொல்லவில்லை, பரம்பரையைச் சொல்கிறது. இப்படிப்பட்ட பறவையிடம் வயது கேட்க ஒரே வழி, இறகு விளிம்பைப் பார்ப்பதுதான்.

விரால் அடிப்பானைப் பொறுத்தவரை, கீழிருந்து பார்த்து வயது சொல்ல முயல்வது வீண் என்பது என் கருத்து. இளம் பறவையின் முதுகு இறகுகளுக்கு வெளிறிய விளிம்பு இருக்கும். அது நமக்குத் தெரிய வேண்டுமானால் நாம் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் நாட்காட்டி ஒரு குறிப்புத் தரும். முதிர்ந்தவை கோடையில் இனப்பெருக்கத்துக்கு வடக்கே போய்விடுகின்றன. முதல் கோடையைக் காணும் இளம் பறவைகள் பலவும் இங்கேயே தங்கிவிடுகின்றன. ஜூன் மாதத்தில் பினாங்குக் கடலில் மீன்மேல் பாயும் விரால் அடிப்பான் பெரும்பாலும் இளையது.

பைரிக்கும் பெரும்பாலான சிறு வல்லூறுகளுக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. மார்பில் கோடுகள் மேலிருந்து கீழாக நெடுக்கே ஓடினால் இளசு. குறுக்கே பட்டையாக ஓடினால் அல்லது ஒரே நிறமாக இருந்தால் முதிர்ந்தது. உயரமான கட்டடங்களில் பைரி வந்து அமர்வதுண்டு என்பதால், குளிர்காலத்தில் அடுக்குமாடியின் விளிம்பில் கூரிய இறக்கையோடு ஏதாவது தென்பட்டால் மார்புக் கோட்டைப் பாருங்கள்.

தேன் பருந்தும் வலசையும்

தேன் பருந்துக்குத் தனி இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே போகும்போதும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே திரும்பும்போதும் தீபகற்பத்தின் மேற்குக் கரை வானத்தில் மிகுதியாகச் செல்வது இதுதான். ஜப்பானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய தேன் பருந்துகள் சீனா, இந்தோசீனா, தாய்லாந்து வழியாக மலாய் தீபகற்பத்தில் இறங்கி சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிறத்தில் இதைப்போல் ஏமாற்றும் பறவை வேறில்லை. ஒன்று முழுக் கருமை, அடுத்தது வெளிர் மஞ்சள், மூன்றாவது செம்பழுப்பு. மூன்றும் ஒரே கூட்டத்தில் போகும். உடல் நிறத்தை அறவே மறந்துவிட்டு இறக்கைப் பின்விளிம்பையும் வாலையும் பாருங்கள். முதிர்ந்த ஆணுக்குப் பின்விளிம்பில் அகன்ற கரிய பட்டையும், வாலில் இரண்டு தடித்த கரும்பட்டைகளும் அவற்றுக்கிடையே அகன்ற வெளிர் இடமும் இருக்கும். பெண்ணுக்கு அதே அமைப்பு மெலிந்து காணப்படும். இளம் பறவையில் இறக்கை நுனிக் கருமை அதிகம் பரவியிருக்கும், பட்டைகள் மெல்லியவை, எண்ணிக்கையில் கூடியவை. நல்ல படம் கிடைத்தால் அலகு தொடங்கும் இடத்தில் உள்ள தோலைப் பாருங்கள்: இளசுக்கு மஞ்சள், முதிர்ந்ததற்குச் சாம்பல். முதிர்ந்த ஆணின் கண் கருமை, பெண்ணின் கண் மஞ்சள்.

வலசைப் பறவைகளில் வயதறிவது, இங்கேயே வாழ்பவற்றில் அறிவதைவிட ஒருவகையில் எளிது. வடக்கே அவை ஏறக்குறைய ஒரே பருவத்தில் பொரிக்கின்றன. ஆகவே அக்டோபரில் பினாங்கைக் கடக்கும் இளம் தேன் பருந்துக்குச் சில மாத வயதுதான். அதன் இறகுகள் புத்தம் புதியவை. கூடவே வரும் முதிர்ந்தவை பொதுவாக இறகு மாற்றத்தைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டு நீண்ட பயணம் கிளம்புகின்றன. அதனால் அவற்றில் இடைவெளி தெரியாமல் போகலாம். ஆனால் கரிய புதிய இறகும் வெளிறிய பழைய இறகும் சந்திக்கும் எல்லை தெரியும்.

கேமராவும் குறிப்பேடும்

எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி போதும். பத்து மடங்கு வாங்கினால் பறவையோடு உங்கள் கையின் நடுக்கமும் பெரிதாகும். கேமரா வைத்திருப்பவர்கள் வெளிச்ச அளவை ஒரு படி உயர்த்தி வையுங்கள். வானத்தின் பிரகாசத்தை வைத்துக் கேமரா கணக்குப் போடுவதால் பறவை கரிய நிழலாகிவிடும்; அதில் இறகு எல்லை எதுவும் தெரியாது. கடல்நீர் அல்லது வெண்மணலுக்கு மேலே பறக்கும்போது எதிரொளி பட்டு இறக்கையின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும். அந்தத் தருணத்துக்குக் காத்திருங்கள்.

ஒரே ஒரு படத்தை வைத்து வடிவம் பேசாதீர்கள். இறக்கையை அடிக்கும்போது ஒரு கணம் குறுகியும் மறுகணம் அகன்றும் இருப்பது இயல்பு; தேன் பருந்து ஒரு சட்டகத்தில் வல்லூறாகவே தெரியும். பத்துப் பன்னிரண்டு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து, மிதந்து செல்லும் நிலையில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசிச் செயலியிடம் படத்தைக் காட்டி இனம் கேட்பவர்கள் அதன் விடையை வாலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

குறிப்பேட்டில் முடிவை மட்டும் எழுதாமல் கண்டதை எழுதுங்கள். “இளம் செம்பருந்து” என்பதைவிட “வட்ட வால், இறக்கை தட்டை, பின்விளிம்பு சீர், முழுப் பழுப்பு” என்பது பயனுள்ளது. பின்னொரு நாள் அறிவு கூடும்போது அந்த வரியை மறுபடி படித்து வேறு முடிவுக்கு வரலாம். முடிவை மட்டும் எழுதியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். வயது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

பினாங்கில் பெர்ரியும் கொடிமலையும் பழகியபின் ஒரு மார்ச் மாதத்தில் தெற்கே பயணம் போய்வரலாம். போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில், நெகிரி செம்பிலானால் சூழப்பட்டிருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்கு உரிய தஞ்சோங் துவான் என்ற காட்டு முனை இருக்கிறது. மலாக்கா நீரிணை இங்கே குறுகி, சுமத்ரா பக்கத்து ரூப்பாட் தீவிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர்தான். கடலுக்கு மேலே சூடான காற்றுத் தூண்கள் வலுவாக எழாததால் வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் இந்தக் குறுகிய இடத்தைத் தேடிக் கடக்கின்றன. கரையை அடையும்போது களைத்து, தாழ்ந்து, காட்டு மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே வரும். பின்விளிம்புப் பட்டையும் வால் பட்டையும் வெறுங்கண்ணுக்கே தெரியும் உயரம் அது. மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே இந்தப் பறவைகளைக் காணும் நிகழ்ச்சியை நடத்திவருகிறது. காலை பத்து மணிக்குமேல் கலங்கரை விளக்கத்துப் பக்கம் நின்று, கடல் திசையில் பாருங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.